பேட்டரி போட்ட பயனாளி

ஃபெபி நடந்துவிட்டாள் என்ற செய்தி கைபேசியில் வந்தபோது, ஃபெபி அப்பாவின் மடியில் உட்கார்ந்து முறுக்கைச் சப்பிக்கொண்டிருந்தாள்.

‘அன்புள்ள பெற்றோரே, தங்கள் குழந்தை எவ்விதப் பிடிமானமும் இன்றித் தனித்து நடக்கத் தொடங்கியதைத் தெரிவிப்பதில் தளிர்நடை பெருமை கொள்கிறது. தங்கள் கோப்பு வெற்றிகரமாக முடித்துவைக்கப்படுகிறது. கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவவும்.’

ஞானசிகாமணி செய்தியைப் படித்தார். மடியைப் பார்த்தார். பிள்ளையின் கால்கள் வைத்த இடத்திலேயே இருந்தன. இடது பாதம் வழக்கம்போல உள்பக்கம் திரும்பி, குதிகாலைத் தூக்கிக்கொண்டு நின்றது. பாளையங்கோட்டை மார்க்கெட்டில் எவர்சில்வர் பாத்திரக் கடை வைத்திருப்பவர் அவர். சரக்கு வந்துவிட்டது என்று யார் சொன்னாலும் மூட்டையைப் பிரித்துப் பார்க்காமல் நம்புகிற வழக்கமில்லை. ஆகவே ஃபெபியை இறக்கித் தரையில் நிறுத்திப் பார்த்தார். அவள் பொத்தென்று உட்கார்ந்துகொண்டு, மிச்ச முறுக்குக்குக் கை நீட்டினாள்.

“ஏட்டி பெர்சிஸ், இங்கன வா. நம்ம பிள்ள நடந்துட்டாளாம்.”

அடுக்களையிலிருந்து அவர் மனைவி பெர்சிஸ் கரண்டியும் கையுமாக ஓடிவந்தாள். “எங்கன? எங்கன நடந்தா?”

“அதத்தான் நானும் தேடிக்கிட்டிருக்கேன்.”

தளிர்நடை என்பது இளஞ்சிறார் இல்லச் சேவை மையம். கை கால் வளர்ச்சியில் பிந்துகிற சின்னப் பிள்ளைகளுக்கு, பிந்தின சங்கதி தெரிந்ததுமே வீடு தேடிப் போய்ப் பயிற்சி கொடுப்பது அதன் வேலை. ‘குழந்தை மையத்துக்கு வர வேண்டாம், மையம் குழந்தையிடம் வரும்’ என்று வாசலில் பெரிதாக எழுதியிருப்பார்கள். அந்த எழுத்துக்குக் கீழே பெற்றோர்கள் வரிசையில் நிற்பார்கள்.

ஃபெபியின் காலைப் பார்த்த டாக்டர் சொன்னது ரொம்பச் சுருக்கம். தசை இறுகுவதற்கு முன் பயிற்சி கொடுத்து, குதிகாலைத் தரையில் நிறுத்துகிற ஸ்பிளிண்ட் ஒன்றை அளவெடுத்து மாட்டிவிட்டால் பிள்ளை நன்றாக நடப்பாள். இறுகிய பிறகு என்றால் கத்திதான். அந்த ஸ்பிளிண்டைச் செய்துகொடுக்க ஆஸ்பத்திரியில் ஆள் உண்டு. ஆனால் தளிர்நடையின் கடிதம் வேண்டும். கோப்பு திறந்திருக்கிற பிள்ளைக்குத்தான் கடிதம். மூடிய கோப்புக்குக் கடிதம் கிடையாது, வாழ்த்து மட்டும் உண்டு.

தொற்று வருவதற்கு முன்பு வரை வாரந்தோறும் வள்ளியூரிலிருந்து ஸ்டெஃபி பஸ் ஏறி வருவாள். பிசியோதெரபி படித்த பெண். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஃபெபியின் குதிகாலை உள்ளங்கையில் ஏந்திப் பைய அழுத்துவாள். பிள்ளை கத்தினால் அவளும் கூடக் கத்துவாள். யார் சத்தம் பெரியது என்ற போட்டியில் ஃபெபி அழுகையை மறந்துவிடுவாள். கால் கொஞ்சம் கொஞ்சமாக இளகிக்கொண்டு வந்தது. “இன்னும் ஒரு சுத்து போனா அளவெடுத்துரலாம்ணே” என்று ஸ்டெஃபி சொன்ன அந்த வாரத்தில்தான் ஊரை அடைத்தார்கள்.

அடைத்த மறுநாள் காலை தளிர்நடையின் ஒருங்கிணைப்பாளர் கார்த்திகேசன் இரண்டு உத்தரவுகள் பிறப்பித்தார். எந்தச் சூழலிலும் இல்லச் சேவை தடைபடக் கூடாது என்பது ஒன்று. பணியாளர் எவரும் எந்தப் பயனாளியின் இல்லத்துக்குள்ளும் நுழையக் கூடாது என்பது மற்றது. இரண்டு கையெழுத்துக்கும் நடுவில் அவர் ஒரு காபி குடித்திருக்கலாம்.

சாதாரண அலுவலகமாக இருந்தால் இரண்டில் ஒன்றைக் கிடப்பில் போட்டிருக்கும். தளிர்நடை அப்படிப்பட்ட இடமல்ல. அங்கே உத்தரவு என்றால் உத்தரவு.

முதலில் பெற்றோருக்கு அதிகாரமளிக்கும் இணையவழிக் கூட்டம் ஒன்று நடந்தது. மாவட்டத்தின் பல மூலைகளிலிருந்தும் அம்மாக்கள் கைபேசியைச் சோற்றுப் பானைமேல் சாய்த்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கார்த்திகேசன் திரையில் தோன்றினார். பின்னால் ஒரு கடற்கரை அசைந்தது. அவர் காதுகளின் ஓரம் அவ்வப்போது கடலுக்குள் போய்வந்தது.

“பெற்றோர்களாகிய நீங்கள்தான் இந்தச் சேவையின் முதுகெலும்பு” என்றார். “உங்கள் குரல்தான் எங்களுக்கு வழிகாட்டி. ஆகவே தயவுசெய்து எல்லாரும் மியூட்டில் இருங்கள்.”

அதன்பின் முதுகெலும்பைப் பற்றி வெகுநேரம் பேசினார். கேள்வி கேட்க அனுமதி கிடைத்தபோது பெர்சிஸ் முந்திக்கொண்டாள்.

“சார், பிள்ளைக்குக் குதிகாலப் புடிச்சு எம்புட்டு நேரம் அழுத்தணும்?”

“அருமையான கேள்வி. அதைப் பயிற்சி பெற்ற பணியாளர் மட்டும்தான் செய்யணும். பெற்றோர் தாமாகத் தொடக் கூடாது.”

“அப்ப பணியாளர அனுப்புங்க.”

“பணியாளர் வரக் கூடாது.”

“அப்ப யாரு சார் தொடுவா?”

இந்த இடத்தில் பெர்சிஸின் குரல் துண்டிக்கப்பட்டது. அவள் உதடுகள் மட்டும் அசைந்துகொண்டிருந்ததைக் கூட்டக் குறிப்பில் ‘பெற்றோர் நன்றி தெரிவித்தனர்’ என்று எழுதினார்கள்.

ஆனாலும் கேள்வி கார்த்திகேசனைக் குடைந்திருக்க வேண்டும். அடுத்த கூட்டத்தில் அவர் முகத்தில் ஒரு பிரகாசம் இருந்தது. இந்த முறை பின்னால் பனிமலை.

“இந்தத் தொற்று நமக்குக் கற்றுக்கொடுத்த மிகப் பெரிய பாடம் என்ன தெரியுமா? சேவை செய்வதற்குக் குழந்தை அவசியமில்லை. இத்தனை ஆண்டுகளாக நாம் குழந்தையையே நம்பி இருந்துவிட்டோம். குழந்தை அழும், தூங்கும், ஊருக்குப் போகும். எத்தனை வேலைநாள்கள் வீணாகியிருக்கின்றன! இனி ஒவ்வொரு பயனாளிக்கும் ஒரு மாற்றுரு. பணியாளர் தம் இல்லத்திலேயே மாற்றுருவுக்குப் பயிற்சி அளிப்பார். இல்லச் சேவையும் நடக்கும், யாரும் யார் இல்லத்துக்கும் போக வேண்டியதில்லை.”

மாற்றுரு என்றால் என்னவென்று ஸ்டெஃபிதான் போனில் விளக்கினாள்.

“அண்ணே, சிரிக்கப்படாது. பொம்மைண்ணே. துணிப் பொம்மை. கழுத்துல ‘ஃபெபி’ன்னு அட்டை கட்டிக் குடுத்துருக்காவ. வாராவாரம் அதுக்குக் காலை நீட்டி மடக்கி, போட்டோ எடுத்து அனுப்பணும்.”

“பஞ்சுக் காலுக்கா?”

“பஞ்சுக் காலுக்குத்தான். எங்கம்மா பாத்துட்டு, பிள்ளைக்கு என்னமோ ஆயிப்போச்சுன்னு அந்தோணியாருக்கு மெழுகுதிரி கொளுத்தி வச்சிருக்கா. பிள்ளைங்கிறது நாந்தான்.”

ஸ்டெஃபியிடம் ஒரு குறை உண்டு. நடந்ததைத்தான் எழுதுவாள். பொம்மைக்குப் பயிற்சி கொடுத்துவிட்டு ‘முன்னேற்றம் இல்லை’ என்று எழுதி அனுப்பினாள். அடுத்த வாரமும் அதையே எழுதினாள். மையத்திலிருந்து விளக்கம் கேட்டு ஓலை வந்தது. மற்றப் பணியாளர்களின் பொம்மைகள் தவழ்கின்றன, நிற்கின்றன. களக்காட்டுப் பக்கம் ஒரு பொம்மை பேசக்கூடத் தொடங்கிவிட்டது. தங்கள் பொம்மை மட்டும் பின்தங்குவதேன்? பொம்மைக்குத் தசை இல்லை என்று ஸ்டெஃபி பதில் எழுதினாள். மையம் அதைக் கருவிக் குறைபாடு என்று பரிவோடு எடுத்துக்கொண்டு, புதிய பொம்மை ஒன்றை வாங்கி அனுப்பியது. மஞ்சள் கவுன் போட்டது. முதுகில் பேட்டரி. பொத்தானை அமுக்கினால் கைவீசி நடக்கும். குதிகால் தரையில் பட்டு டக்டக்கென்று சத்தம் வரும்.

நடந்ததை எழுதுகிறவள், நடந்தது என்று எழுதினாள். வேறு என்ன எழுதுவாள்?

ஃபெபியின் கோப்பு மூடிய கதை இதுதான். ஞானசிகாமணி மையத்துக்குப் போன் போட்டார். கார்த்திகேசனே எடுத்தார்.

“சார், எம்பிள்ள நடக்கலையே.”

“நடந்திருக்காங்க. அறிக்கை என் கையில இருக்கு.”

“பிள்ள எங்கையில இருக்கா சார்.”

“அதுல ஒரு சிக்கல் இருக்கு பாருங்க. குழந்தை நேரத்துக்கு நேரம் மாறும். அறிக்கை மாறாது. நாங்க எதை நம்பணும்னு நீங்களே சொல்லுங்க.”

ஞானசிகாமணி எத்தனையோ வகை ஆட்களுக்குப் பாத்திரம் விற்றவர். ஓட்டைக் குடத்தைக் கொண்டுவந்து புதுக்குடம் கேட்டவர்களையும் பார்த்திருக்கிறார். ஆனால் குடமே வாங்காதவரிடம் தண்ணீர் நிறைந்துவிட்டது என்று சொல்கிற ஆளை இப்போதுதான் பார்க்கிறார். என்ன செய்தால் கோப்பு திறக்கும் என்று பணிவாகக் கேட்டார். குழந்தை நடக்கவில்லை என்பதை நிரூபிக்க வேண்டும் என்றார் கார்த்திகேசன்.

ஃபெபி உட்கார்ந்திருப்பதைப் படம் பிடித்து அனுப்பினார்கள். பதில் வந்தது: ‘காணொளியில் குழந்தை உட்கார்ந்திருப்பது மட்டுமே தெரிகிறது. நடக்கத் தெரிந்தவர்களும் உட்காருவது உண்டு. இதை எழுதும்போது நானும் உட்கார்ந்துதான் இருக்கிறேன்.’ தூங்குவதை எடுத்து அனுப்பினார்கள். அதற்குப் பதிலே இல்லை. கடைசியில், ஊரடங்கு தளர்ந்ததும் நேரில் வந்து ஆய்வு செய்வதாகத் தகவல் வந்தது. இதற்கிடையில் மஞ்சள் கவுன் பொம்மைக்குச் சிறந்த பயனாளி விருது கொடுத்தார்கள். இணையவழி விழாவில் அதற்குப் பொன்னாடை போர்த்தியபோது, பெற்றோர் என்ற முறையில் ஞானசிகாமணியும் கைதட்ட அழைக்கப்பட்டிருந்தார். மியூட்டில் கைதட்டினார்.

கடை அடைத்துக் கிடந்தது. பணமுடை ஒரு பக்கம் இருக்கட்டும். ஞானசிகாமணிக்கு வாய் துருப்பிடித்துவிடும் போலிருந்தது. பேரம் பேசாமல் சும்மா இருக்கிற யாவாரி, காய்ச்சாத பால் மாதிரி. பொழுது ஏற ஏறத் திரிந்துபோவான். எதிர்வீட்டு அக்தர் பானுவுக்கும் அதே சங்கடம். மார்க்கெட்டில் அந்த அம்மாள் கடைவாசலில் நிழலாடினாலே யாவாரிகள் முகத்தைத் துடைத்துக்கொள்வார்கள். ஆகவே தினம் சாயங்காலம் வெயில் தணிந்ததும், இரண்டு பேரும் முகக்கவசம் மாட்டிக்கொண்டு யாவாரம் பண்ணினார்கள். வாங்கவும் இல்லை, விற்கவும் இல்லை. ஞானசிகாமணி வீட்டிலிருக்கிற பாத்திரத்தை வாசலில் அடுக்குவார். பானு கேட்டுக்கு வெளியே நின்று விலை கேட்பாள்.

“இந்த இட்டிலிச் சட்டி என்ன வெல அண்ணாச்சி?”

அவர் ஒரு விலை சொல்வார்.

“ஏன், உள்ள இட்டிலியும் இருக்கா?”

“கனத்தப் பாருங்க பானுக்கா. ஒங்க பேரன் கலியாணத்துக்கும் ஒழைக்கும்.”

“எம்பேரன் இன்னும் பொறக்கவே இல்லவே. கட்டாது, நான் வாரேன்.”

சொல்லிவிட்டு அவள் நடப்பாள். இந்த நடையில்தான் யாவாரத்தின் உயிரே இருக்கிறது. வாங்க வந்த எந்தக் கிராக்கியும் உடனே போய்விடுவதில்லை, போவதுபோல் போகிறது. தெருவில் ஒரு மின்கம்பம். கம்பத்துக்கு ரொம்ப முன்னாலேயே யாவாரி கூப்பிட்டுவிட்டால் அவனுக்கு வெட்கக்கேடு, விலையும் சரிந்துபோகும். கம்பத்தைத் தாண்டவிட்டால் கிராக்கி நிஜமாகவே போய்விடும். கம்பத்தருகே நடை ஒரு இம்மி தளரும். அந்த இம்மியில் கூப்பிட வேண்டும். “பானுக்கா, வாங்க, வாங்க! கடேசி வெல சொல்லுதேன்!” உடனே அவள் திரும்புவாள், வேண்டாவெறுப்பாகத் திரும்புகிறவளைப் போல. சரக்கு யார் கையில் இருக்கிறதோ அவர்தான் கூப்பிட வேண்டும். வேறு ஆள் கூப்பிடக் கூடாது. இது மார்க்கெட்டில் எழுதாத சட்டம்.

ஃபெபி பாயில் உட்கார்ந்து இதைத் தினமும் பார்த்தாள். ஒருநாள் பானு வராத நேரத்தில், அப்பாவின் முன்னால் நகர்ந்து வந்து ஒரு டம்ளரைத் தட்டி, “என்ன வெல?” என்றாள். மூன்று வயதுகூட நிறையாத பிள்ளை. ஞானசிகாமணி சிரிக்காமல் ஒரு விலை சொன்னார். யாவாரத்தில் சிரிக்கக் கூடாது.

“கட்டாது” என்றாள் ஃபெபி.

அத்தோடு நிற்க முடியாது. கட்டாது என்று சொன்ன பிறகு உட்கார்ந்திருக்கிற கிராக்கி உலகத்தில் உண்டா? ஃபெபிக்கு அது தெரிந்திருந்தது. குடத்தைப் பிடித்தாள், அண்டாவைப் பிடித்தாள், நின்றாள். சுவரைத் தொட்டுக்கொண்டு, இடது காலின் விரல்நுனியில் தத்தித் தத்தி முற்றத்தில் இறங்கித் துவைகல்வரை போனாள். அங்கே நின்று தலையை மட்டும் திருப்பினாள்.

ஞானசிகாமணி பிள்ளையின் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். கூப்பிடவேண்டிய இம்மி கடந்துகொண்டிருந்தது. “வாங்கம்மா… வாங்க… கடேசி வெல…” என்று எப்படியோ சொல்லிமுடித்தார். அவள் வந்தாள். பெர்சிஸ் அடுக்களை வாசலில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அன்றைக்கே ஸ்டெஃபிக்குப் படம் போனது. ஸ்டெஃபி போனில் முதலில் கூச்சல் போட்டாள், அப்புறம் படத்தை மறுபடி ஓட்டிப் பார்த்தாள்.

“அண்ணே, குதிகால் தரையில படவே இல்ல, பாத்தீயளா? விரலுல நடக்கா. இப்படியே நடந்தா பின்னால நரம்பு இழுத்துக்கிட்டு இன்னும் இறுகிப்போவும். இப்பத்தான் ஸ்பிளிண்ட் கட்டாயம் வேணும். ஆய்வுக்கு வாராவல்லா, அவிய முன்னால மட்டும் இவ நடந்துறக் கூடாது. நடந்தா கோப்பு மூடுனது மூடுனதுதான்.”

இரண்டு வருஷமாகப் பிள்ளை நடக்க வேண்டும் என்று முழங்காலில் நின்றவள் பெர்சிஸ். ஆய்வுக்கு முந்தின சாயங்காலம் மறுபடியும் முழங்காலில் நின்றாள். நடக்கமாட்டாதவர்களை நடக்கவைக்கும்படி கேட்பதற்கு எத்தனையோ வசனம் இருக்கிறது. நடக்கிறவளை உட்காரவைக்கச் சொல்லி யாரும் ஜெபித்ததாக அவளுக்கு ஞாபகமில்லை.

“ஆண்டவரே, ஒரு அரைமணி நேரம் மட்டும். கேட்டதக் குடுத்துட்டீரு, வேண்டாம்னு சொல்லல. அவிய கார் போற வரைக்கும் மட்டும் கொஞ்சம் வாங்கி வச்சிக்கிடும்.”

“ஆமென்” என்றார் ஞானசிகாமணி, பின்னாலிருந்து. சரக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடி வாங்குகிற இந்த யாவாரம் அவருக்கே புதிது.

மறுநாள் கார் வந்தது. தெருமுனையில் நின்று யோசித்துவிட்டு, பைய ஊர்ந்து கேட்டுக்கு நேராக வந்து நின்றது. முன்பக்கமிருந்து ஸ்டெஃபி இறங்கினாள். உச்சிமுதல் பாதம்வரை வெள்ளை அங்கி. கண் மட்டும் தெரிந்தது. அந்தக் கண் ஃபெபியைத் தேடியது. சாக்கட்டியால் கேட்டுக்குக் குறுக்கே ஒரு கோடு போட்டாள். அதைத் தாண்டக் கூடாதென்று அவளுக்கு உத்தரவு. காரின் பின் கண்ணாடி ஒரு சாண் இறங்கியது. உள்ளே கார்த்திகேசன், முகக்கவசத்துக்கு மேல் முகக்கவசம், அதற்கு மேல் கண்ணாடித் தகடு. அத்தனையையும் தாண்டிக் குரல் வெளியே வருவதற்காகக் கையில் ஒரு ஒலிபெருக்கி.

“பயனாளியை முன்னிலைப்படுத்தவும்!” தெருவே திரும்பிப் பார்த்தது. எதிர்வீட்டு வாசலில் அக்தர் பானு வந்து நின்றாள்.

ஃபெபியை முற்றத்தில் பாயைப் போட்டு உட்காரவைத்திருந்தார்கள். கையில் அவளுடைய டம்ளர்.

“சார், பாத்துக்கிடுங்க, உக்காந்துதான் இருக்கா” என்றார் ஞானசிகாமணி.

“சும்மா உட்கார்ந்திருந்தால் போதாது. நடக்கச் சொல்லியும் நடக்காதிருக்க வேண்டும். பாப்பா, எழுந்து நட!”

ஃபெபி காரைப் பார்த்தாள். அழுக்குப் பையோடு வந்து விலை மட்டும் விசாரித்துவிட்டுப் போகிற ஆளை யாவாரி பார்க்கிற பார்வை. அசையவில்லை.

“எழுந்து நட!” அடுத்த தெருவில் ஒரு நாய் எழுந்து நடந்தது. ஃபெபி அசையவில்லை. பெர்சிஸின் உதடுகள் மட்டும் அசைந்தன.

கார்த்திகேசன் எதையோ குறித்துக்கொண்டார். “சரி. ஆர்வமூட்டிப் பார்க்கவும் விதியில் இடமிருக்கு. ஸ்டெஃபி, அதைக் காட்டுங்க.”

ஸ்டெஃபி தயங்கினாள். பிறகு பையிலிருந்து மஞ்சள் கவுன் பொம்மையை எடுத்தாள். தோளில் விருதுப் பொன்னாடை அப்படியே இருந்தது. மதில்மேல் வைத்துப் பொத்தானை அமுக்கினாள். அது கையை வீசிக்கொண்டு டக்டக்கென்று நடந்தது. கழுத்தில் ‘ஃபெபி’ என்ற அட்டை ஆடியது.

பாயிலிருந்த ஃபெபி கையை நீட்டினாள். “தா.”

“தரக் கூடாது” என்றது ஒலிபெருக்கி. “அது மையத்தின் உடைமை.”

“தா.”

“முடியாதும்மா. தொடவே கூடாது.”

ஃபெபி ஒரு கணம் யோசித்தாள். சரக்கைக் காட்டியாயிற்று, தர முடியாது என்று சொல்லியாயிற்று. இதற்கு மேல் ஒரு கிராக்கிக்கு வழி ஒன்றுதான்.

“கட்டாது” என்றாள். எழுந்தாள்.

“ஏட்டி, உக்காரு! ஏட்டி!” என்று பெர்சிஸ் அடித்தொண்டையில் கத்தினாள். ஃபெபி காதில் வாங்கவில்லை. சுவரைக்கூடப் பிடிக்காமல் நடந்தாள். குதிகால் அந்தரத்தில் நிற்க, இடுப்பு ஒரு பக்கம் சாய, தத்தித் தத்தித் துவைகல்வரை போனாள்.

“நடந்தாச்சு!” ஒலிபெருக்கி குதூகலித்தது. “அறிக்கை சொன்னது எப்படிப் பொய்யாகும்? கோப்பு மூடியது மூடியதுதான்!”

ஃபெபி துவைகல்லருகே நின்று திரும்பிப் பார்த்தாள். அவள் காத்துக்கொண்டிருந்தாள். கால் நடுங்கியது. ஞானசிகாமணி வாயைத் திறந்து மூடிக்கொண்டார்; சரக்கு அவர் கையில் இல்லை. பொம்மைக்குச் சொந்தக்காரரான கார்த்திகேசன் எதையோ எழுதிக்கொண்டிருந்தார். போகிற பிள்ளையைத் திரும்பக் கூப்பிட வேண்டும் என்பது அந்த மையத்தின் எந்த விதியிலும் இல்லை.

பிள்ளையின் முகம் கோணத் தொடங்கியது.

“வாங்கம்மா! வாங்க, வாங்க!” வெள்ளை அங்கிக்குள்ளிருந்து குரல் உடைந்து வந்தது. “எடுத்துக்கிடுங்க! கடேசி வெல!”

ஸ்டெஃபி சாக்கட்டிக் கோட்டைத் தாண்டி முற்றத்துக்குள் வந்திருந்தாள். ஃபெபி திரும்பி நடந்து, பாதிவழியில் சரிய, அவள் முழங்காலிட்டுத் தாங்கிக்கொண்டாள். பொம்மையைப் பிள்ளையின் கையில் கொடுத்தாள். கையுறையைப் பல்லால் கடித்து இழுக்கப் பார்த்தாள்; முகக்கவசம் குறுக்கே இருந்ததால் உதறிக் கழற்றினாள். வெறுங்கையால் குதிகாலை ஏந்தினாள். ஃபெபி கத்தினாள். அவளும் கூடக் கத்தினாள்.

“இறுகிட்டு வருது சார்” என்றாள், தலையைத் தூக்காமல். “அடுத்த மாசத்துக்குள்ள ஸ்பிளிண்ட் போடலேன்னா ஆப்ரேசன்தான்.”

கார் கண்ணாடி சடாரென்று மேலேறி, மறுபடியும் ஒரு சாண் இறங்கியது. “விதிமீறல்! பயனாளியின் இல்லத்துக்குள் பிரவேசம்! அனுமதியின்றித் தொடுகை! மைய உடைமை ஒப்படைப்பு! விசாரணை வைப்பேன்!”

ஞானசிகாமணிக்கு அதுவரை இல்லாத தெளிவு வந்தது. கடையில் எதிராளி தானாகவே ஒரு சொல்லை விட்டுவிடும்போது வருகிற தெளிவு.

“விசாரணன்னா சார்? மூடுன கோப்புல எப்படி விசாரண வைப்பீய?”

“மூடியதைத் திறக்க வேண்டியதுதான்! விசாரணை முடிகிறவரை கோப்பு திறந்தே இருக்கும். நானே நினைச்சாலும் மூட முடியாது.”

திறந்த கோப்புக்குக் கடிதம் உண்டு. இது கார்த்திகேசனுக்கும் தெரியும், அந்தக் கோபத்தில் ஞாபகம் வரவில்லை. ஞானசிகாமணி முகத்தில் ஒன்றையும் காட்டவில்லை. பிடித்த சரக்கை வெறுப்போடு பார்ப்பது அவருக்குச் சின்ன வயதிலிருந்து வந்த பழக்கம்.

“வேண்டாம் சார். விசாரணையெல்லாம் எங்களுக்கு எதுக்கு? கோப்பு மூடியே கெடக்கட்டும். அந்த ஸ்டெஃபிப் பிள்ள தொடவும் இல்ல, ஒண்ணும் இல்ல. நான் ஒண்ணும் பாக்கல. நீங்க போயிட்டு வாங்க.”

சொல்லிவிட்டுத் திரும்பி, வீட்டைப் பார்க்க நடந்தார். நடையில் அவசரமில்லை. எதிர்வீட்டு வாசலில் அக்தர் பானு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த நடை யாருடையது என்று அவளுக்குத் தெரியாதா? துவைகல் வந்தது. நடை ஒரு இம்மி தளர்ந்தது.

“ஞானசிகாமணி! நில்லுங்க! திரும்பி வாங்க!” ஒலிபெருக்கி அலறியது.

அவர் வேண்டாவெறுப்பாகத் திரும்பினார்.

“விசாரணை நடந்தே தீரும்! தொட்டதை நானே பார்த்தேன்!”

“கார்லேருந்து பாத்தீய. எங்கன தொட்டா, எப்படித் தொட்டா, எம்புட்டு நேரம் அழுத்துனான்னு ஒங்களுக்குத் தெரியுமா? அவளே வந்து செஞ்சு காட்டுனாத்தானே தெரியும்?”

“காட்ட வைப்பேன்! சம்பவ இடத்துக்கு வாரந்தோறும் வந்து நடந்ததை நடந்தபடி செய்துகாட்ட உத்தரவு போடுவேன்!”

“வீட்டுக்குள்ள வரப்படாதுன்னு நீங்கதான சார் உத்தரவு போட்டீய?”

“அது சேவைக்கு! விசாரணைக்கு எந்தத் தடையும் இல்லை!”

ஞானசிகாமணி பெருமூச்சு விட்டார், நஷ்டப்பட்டுக் கொடுக்கிறவரைப் போல. “என்னமோ செய்ங்க. விசாரண எப்பத்தான் முடியும்?”

கார்த்திகேசன் முதல்முறையாக ஒலிபெருக்கியை இறக்கினார். குரலில் ஒரு கௌரவம் வந்தது. “எங்க விசாரணையை அவ்வளவு லேசா நினைச்சிராதீங்க. நான் வேலைக்குச் சேர்ந்த புதுசுல ஆரம்பிச்ச விசாரணையே இன்னும் நடந்துகிட்டிருக்கு. என் மேலதான்.”

ஸ்டெஃபி தலையைக் குனிந்துகொண்டாள். வெள்ளை அங்கியின் தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்று எண்ணி, கடுமையாக எச்சரித்துவிட்ட திருப்தியோடு கார்த்திகேசன் டிரைவரைப் போகச் சொன்னார். பிள்ளை தொட்ட பொம்மையைத் தடயப் பொருளாகச் சம்பவ இடத்திலேயே வைத்திருக்கவும் உத்தரவிட்டார். ஸ்டெஃபி பஸ்ஸில் போய்க்கொள்ள வேண்டும். தொடுகை செய்த பணியாளரைக் காரில் ஏற்ற விதி இல்லை.

“அளவெடுக்க டேப்பு இருக்காண்ணே?” என்றாள் ஸ்டெஃபி, கார் நகர்ந்ததும்.

ஃபெபி பொம்மையை இடுக்கிக்கொண்டு கேட்டருகே நின்றாள். பேட்டரி தீர்ந்துகொண்டிருந்தது, மஞ்சள் கவுன் ஒரு காலை மட்டும் உதறிக்கொண்டிருந்தது. கார் தெருவில் பைய ஊர்ந்தது. மின்கம்பத்தருகே, குறுக்கே வந்த நாய்க்காக ஒரு இம்மி வேகம் தளர்ந்தது.

“யாவாரி, கிராக்கி போகுது பாரு” என்றார் ஞானசிகாமணி. “கூப்பிடலையா?”

ஃபெபி கார் கம்பத்தைத் தாண்டும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

“போகட்டும்” என்றாள்.